நடுவை அடிக்கும் கணக்கு

முள்ளிக்குளத்தில் நடுவில் இருப்பவை காணாமல் போகத் தொடங்கியது ஆவணி மாதத்து முற்பகல் ஒன்றில், பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் பதினொன்றாம் வகுப்பில், சொர்ணலதா டீச்சர் கரும்பலகையில் ஒரு தொடரைக் கூட்டிக்கொண்டிருந்தபோது.

பாடம் என்னவோ வருடாவருடம் நடத்துகிற பாடம்தான். ஒன்றும் இரண்டும் பெருக்கி ஒன்றின் கீழே வைத்த பின்னம், இரண்டும் மூன்றும் பெருக்கி ஒன்றின் கீழே வைத்த பின்னம், மூன்றும் நான்கும் என்று வரிசையாகப் போகிற பின்னங்களைக் கூட்ட வேண்டும். நேராகக் கூட்டினால் கை ஓய்ந்துவிடும். ஆனால் ஒவ்வொரு பின்னத்தையும் ஒரு கழித்தலாக உடைத்து எழுதலாம். ஒன்று கழித்தல் அரை, பிறகு அரை கழித்தல் மூன்றில் ஒன்று, பிறகு மூன்றில் ஒன்று கழித்தல் கால். அப்படி உடைத்துவிட்டால் முதலாவது கழித்ததை இரண்டாவது கொண்டுவந்து கொடுத்துவிடும், இரண்டாவது கழித்ததை மூன்றாவது கொடுத்துவிடும், பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒன்றையொன்று தின்று தீர்த்து, எவ்வளவு நீளத் தொடரானாலும் தலையும் வாலும் மட்டும் மிஞ்சும். மடக்கினால் குழாய்க்குள் குழாய் போய்விடும் தொலைநோக்கியைப் போல இருப்பதால் புத்தகத்தில் அதற்குத் தொலைநோக்கிக் கூடுதல் என்று பெயர். பிள்ளைகள் அதை அடிக்கிற கணக்கு என்பார்கள்.

“டீச்சர், எங்க பஸ்ஸும் இப்படித்தான?” என்றாள் ஆலடிவிளையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற மாணவி ஒருத்தி. “ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வருது. உடனே அதே ஸ்டாப்ப விட்டுப் போகுது. வந்ததும் போனதும் அடிபட்டுப் போகும்லா?”

சொர்ணலதா டீச்சருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. பின்னங்களுக்குப் பக்கத்தில் ஊர்களை எழுதினாள். தூத்துக்குடியை விட்டது, சுண்டங்காட்டுக்கு வந்தது, சுண்டங்காட்டை விட்டது, ஆலடிவிளைக்கு வந்தது, ஆலடிவிளையை விட்டது என்று எழுதிக்கொண்டே போய் முள்ளிக்குளத்துக்கு வந்தது என்று முடித்தாள். பிறகு சிவப்பு சாக்பீஸை எடுத்து, வந்ததையும் விட்டதையும் ஜோடி ஜோடியாக அடித்தாள். அவள் கடைசி ஜோடியை அடித்த நேரத்தில், தூத்துக்குடியில் அப்போதுதான் டிக்கெட் கிழிக்கத் தொடங்கியிருந்த பஸ் முள்ளிக்குளம் பஸ் ஸ்டாண்டில் வேப்பமரத்தடியில் நின்றது. படியில் ஒரு காலும் தூத்துக்குடித் தரையில் ஒரு காலுமாக இருந்த பெண் முள்ளிக்குளத்துத் தரையில் இன்னொரு காலை வைத்து இறங்கினாள். ஆலடிவிளைக்கு டிக்கெட் வாங்கியிருந்த பெரியவர் மட்டும், “ஏல, எங்க ஊரு எங்கல?” என்று கண்டக்டரின் சட்டையைப் பிடித்தார்.

யாரும் அலறவில்லை. பஸ் இன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டார்கள். பஸ் சீக்கிரம் வருவதைப் பற்றி அந்த ஊரில் யாருக்கும் புகார் இருந்ததில்லை.

அடுத்த அறையில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஞானசெல்வி டீச்சர் சத்தம் கேட்டு வராந்தாவுக்கு வந்தாள். பிள்ளைகள் மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார்கள். இது எப்படி நடந்தது என்று அவளுக்குத் தோன்றவில்லை. இது ஏன் சொர்ணத்துக்கு நடந்தது என்றுதான் தோன்றியது.

ஏனென்றால் ஒரு காலத்தில் பின்னத்தை உடைக்கவே சொர்ணலதாவுக்குத் தெரியாது. பாளையங்கோட்டையில் இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே விடுதி அறையில் இருந்து படித்தார்கள். செல்விதான் எப்போதும் முதல். சொர்ணம் பரீட்சைக்கு முன்னால் அழுவாள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில், ரசத்தில் விரலைத் தொட்டு மேசைமீது எழுதி, இதை இப்படி உடை, இதை இப்படி எழுது, இப்போது அடி என்று சொல்லிக் கொடுத்தவள் செல்வி. சொர்ணம் அன்றைக்குக் கை தட்டிச் சிரித்தாள். படித்து முடித்து இருவருக்கும் ஒரே ஊரில், ஒரே பள்ளியில் வேலை கிடைத்தபோது, நீயும் நானும் சாகும்வரை ஒன்றாகவே இருப்போம் போலிருக்கிறது என்று இருவரும் கட்டிக்கொண்டார்கள். செல்விக்கு மாவு மில் தவசிமுத்துவோடு கல்யாணம் ஆயிற்று. சொர்ணம் தன் அம்மாவை வைத்துக்கொண்டு கல்யாணம் செய்யாமலே இருந்துவிட்டாள். இத்தனை காலமும் அந்தப் பள்ளியில் நல்ல கணக்கு டீச்சர் யார் என்று கேட்டால் எல்லா விரலும் செல்வியைத்தான் காட்டும். அந்த ஆவணி மாதத்துக்குப் பிறகு அப்படி யாரும் கேட்கவே இல்லை.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் இப்படி. முதலில் பஸ்காரர்கள் வந்தார்கள். காலை வண்டியை டீச்சர் அடித்துக் கொடுத்தால் டீசல் மிச்சம் என்றார்கள். ஒரு வாரம் போவதற்குள் சுண்டங்காட்டுக்காரர்களும் ஆலடிவிளைக்காரர்களும் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் ஊர் என்ன, அடித்துப் போடுவதற்கா இருக்கிறது என்று கேட்டார்கள். தாசில்தார் வந்து குடை பிடித்துக்கொண்டு நின்று பேசி, காலையில் ஒரு வண்டி கணக்கு வண்டி, ஒரு வண்டி ரோட்டு வண்டி என்று பிரித்து வைத்தார். அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டில் ஆட்கள், “கணக்குல போறியளா, ரோட்டுல போறியளா?” என்று ஒருவரையொருவர் விசாரிப்பது சாதாரணமாகிவிட்டது.

பிறகு வீட்டு விஷயங்கள் வந்தன. அம்மை போட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்தாள். இன்றைக்குக் காய்ச்சல் கழித்தல் நாளைக்குக் காய்ச்சல், நாளைக்குக் காய்ச்சல் கழித்தல் நாளை மறுநாள் காய்ச்சல் என்று டீச்சர் எழுதி அடித்தாள். பிள்ளை தழும்போடு எழுந்து பசிக்கிறது என்றது. மாமியாரோடு பேச்சை நிறுத்தியிருந்த மருமகள்கள் வந்தார்கள். வீடு கட்டத் தொடங்கி நடுவில் நின்றவர்கள் வந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளும் வந்தார்கள். அவர்களை மட்டும் டீச்சர் திருப்பி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குமேல் பதினொன்றாம் வகுப்பு அறையைத் திறந்துவைக்கத் தலைமையாசிரியை உத்தரவு போட்டார். கூட்டம் முருங்கை மரம் வரை நின்றது. சிலர் கரும்பலகைக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள். யாரிடமும் சொர்ணலதா எதையும் வாங்கவில்லை, பூ கொடுத்தால் மட்டும் வாங்கி ஜன்னலில் வைப்பாள்.

லூர்துமேரியின் புருஷன் குவைத்துக்குப் போன மறுநாள் அவள் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். போனவர் திரும்பி வந்தால் போதும் டீச்சர் என்று அழுதாள். டீச்சர் வருடங்களை எழுதி அடித்தாள். லூர்துமேரி வீட்டுக்குப் போனபோது வாசலில் அவர் பெட்டியோடு நின்றார், தலை நரைத்து, தொப்பை போட்டு. அவளுக்கும் நரைத்திருந்தது. இடுப்பில் இருந்த குழந்தை மீசையோடு பின்னால் நின்று, “அப்பாவா?” என்று கேட்டது. தெருவில் மற்றவர்களுக்கெல்லாம் அது ஒரு நாள்தான். அந்த வீட்டுக்கு மட்டும் வருடங்கள் போயிருந்தன. அக்கம்பக்கத்தார் ஒன்றும் பெரிதாகப் பேசாமல், பையனுக்குச் சட்டை தைக்கக் கொடுத்தார்கள், ரேஷன் கார்டில் வயதைத் திருத்த யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

“நடுவுல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாக்கா?” என்று தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்.

“தெரியலியே,” என்றாள் லூர்துமேரி. “போனாரு. வந்தாரு.”

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஞானசெல்வி இருந்தாள். பார்க்காமல் இருக்கத்தான் முயன்றாள், ஆனால் பொறாமைக்குக் கண் மூடத் தெரியாது. பஸ்ஸிலும் கடையிலும் கோயில் வரிசையிலும் சொர்ணத்தின் பெயர் எந்த மூலையில் ஒலித்தாலும் அவள் காது அங்கே போய் நின்றுகொண்டது. எல்லோரும் போன பிறகு காலி வகுப்பறையில் அவளும் அதே தொடரை எழுதிப் பார்த்தாள். சொர்ணத்தின் எழுத்தைவிட அவள் எழுத்து அழகு. சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்தது போல் இறங்கும். அடித்தாள். சாக்பீஸ் தூள் உதிர்ந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. மாவு மில் சுவரில் கரித்துண்டால் எழுதி, உளுந்து அரைத்து முடிகிற நேரத்தை அடித்துப் பார்த்தாள். மில் தன் நேரத்துக்கு அரைத்தது. தவசிமுத்து தலையெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்து, “சுவத்துல யாரு கடன் எழுதிவச்சிருக்கா?” என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார்.

சொர்ணம் கர்வப்பட்டிருந்தால் செல்விக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ முன்னைப்போலவே டிபன் பாக்ஸைத் திறந்து புளியோதரையில் பாதியைச் செல்வியின் மூடியில் வைத்தாள்.

“உனக்கு மட்டும் எப்படிட்டி நடக்கு?” என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள் செல்வி.

“எனக்கும் வெளங்கலட்டி. நீ சொல்லிக் கொடுத்ததத்தான் எழுதுதேன்.”

“நீ கடைசி உறுப்ப, அந்த வாலக் கவனிக்கவே மாட்டேங்க. முதல் வரிலயே அது என்னன்னு எழுதணும். அத எழுதாம நடுவ அடிக்கது தப்பு.”

“நடக்கும்போது யாரு பாக்கா?” என்று சிரித்தாள் சொர்ணம். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை. அதுதான் செல்வியின் நெஞ்சில் முள்ளாக இறங்கியது. அன்றிலிருந்து அவள் புளியோதரை பிடிக்கவில்லை என்று சொல்லத் தொடங்கினாள். ஊரே கணக்கு வண்டியில் போனபோது அவள் மட்டும் ரோட்டு வண்டியில்தான் ஏறினாள்.

அந்த மார்கழியில் தவசிமுத்துவின் குரல் கம்மியது. மிளகாய் நெடி என்றார். தை பிறந்தும் தெளியவில்லை. மதுரையில் பெரிய டாக்டர் குழாயை விட்டுப் பார்த்து, தொண்டையில் கட்டி, அதுவும் நல்ல கட்டி இல்லை என்றார். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும், மருந்து ஏற்ற வேண்டும், வாரம் தவறாமல் வர வேண்டும், சாப்பாடு இறங்காது, பேச்சு போகும், பிறகு பார்க்கலாம் என்றார். பிறகு என்ன பார்க்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தெருவே வாசலுக்கு வந்தது. இதற்கா கவலைப்படுகிறீர்கள், சொர்ணலதா டீச்சர் உங்கள் கூட்டாளிதானே, ஒரு கோடு போட்டால் முடிந்தது என்றார்கள். கூப்பிடாமலே சொர்ணமும் வந்தாள். செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு, “நான் அடிச்சுத் தாரேன் செல்வி. கதிரு, மருந்து, வலி எதுவும் வேண்டாம். இன்னைக்கு ஒண்ணு, கடைசியா ஒண்ணு. அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது,” என்றாள்.

சரி என்று சொல்லத்தான் செல்வி வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் நின்ற பெண்கள் சொர்ணத்தைப் பார்த்த பார்வை அவள் கண்ணில் பட்டது. அம்மன் சப்பரம் வந்து நின்றது போல் பார்த்தார்கள்.

“வேண்டாம்,” என்றாள்.

சொர்ணத்தின் முகம் ஒரு கணம் வெளிறியது. அவள் எழுந்து போனதும் தவசிமுத்து கம்மிய குரலில் கேட்டார்.

“ஏன் வேண்டாம்னுட்ட?”

“கடைசி உறுப்பு என்னன்னு தெரியாம அடிக்கக்கூடாதுங்க. கணக்குல அது தப்பு.”

“கணக்குக்காகவா சொன்ன?” என்றார். “உனக்கு அவ மேல பொறாமைட்டி.” பிறகு இருமினார், இருமலோடு சிரித்தார். “சரி விடு. நடந்தே போவோம்.”

நடந்தே போனார்கள். ரோட்டு வண்டியில் மதுரைக்கு, மதுரையிலிருந்து ரோட்டு வண்டியில் ஊருக்கு. கதிர் பட்ட கழுத்து வெயிலில் கிடந்த தோல் போலக் கறுத்தது. தண்ணீர்கூட முள்ளாக இறங்கியது. மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, அவர் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். இனிமேல் முடியாது என்று காற்றாகச் சொன்னார். “அவளக் கூட்டிட்டு வா.”

செல்வி செருப்பைக்கூடப் போடாமல் போனாள். பள்ளிக்கூட வாசலில் வரிசை நின்றது. இவளைக் கண்டதும் வரிசை வழிவிட்டது, டீச்சர் போங்க, நீங்க போங்க என்றது. ஜன்னல் வரை போனாள். உள்ளே ஒரு கிழவர் சொர்ணத்தின் காலில் விழுந்திருந்தார். சொர்ணம் குனிந்து அவர் தோளைத் தொட்டு, “எந்திரிங்கய்யா, நான் கணக்கு டீச்சர்தான,” என்று சொன்னாள், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. அவள் பின்னால் பலகையில் ஒரு தொடர் எழுதியிருந்தது. மூன்றாவது வரியில் சமக்குறி கோணியிருந்தது. செல்வி அந்தக் கோணல் சமக்குறியைப் பார்த்தபடியே நின்றாள். இந்தக் கையிடமா என் புருஷனுக்காகக் கும்பிட்டு நிற்க வேண்டும் என்று ஒரு நினைப்பு அடிவயிற்றிலிருந்து எழுந்து கண்வரைக்கும் வந்து, வெயிலை இருட்டாக்கிவிட்டுப் போயிற்று. அவள் திரும்பி நடந்தாள்.

“அவ ஊர்ல இல்லங்க. திருச்செந்தூர் போயிருக்காளாம்,” என்றாள் வீட்டில்.

தவசிமுத்து அவள் வெறுங்காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

அவர் கேட்காததுதான் அவளைத் தின்றது. அந்தப் பொய்க்கு ஈடாக என்ன செய்வதென்று தெரியாமல், அவள் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே கிடந்தாள். அவருக்குப் பேச்சு முழுதாகப் போயிற்று. கல்யாணமான நாள் முதல் வாய் ஓயாமல் பேசிய மனுஷன், அரிசி கொண்டு வருகிறவளை அரிசி அக்கா என்றும் கம்பு கொண்டு வருகிறவரைக் கம்பு மாமா என்றும் கூப்பிட்டுக் கடைத்தெருவைச் சிரிக்கவைத்தவர், இப்போது கையால் பேசினார், புருவத்தால் பேசினார், கோபம் வந்தால் டம்ளரைத் தட்டிப் பேசினார். தலையணை உயரத்தைப் பற்றி இருவரும் ஒரு பகல் முழுக்கச் சண்டை போட்டார்கள், அவள் வாயாலும் அவர் டம்ளராலும். மில் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும் என்று ஒரு நாள் சைகை காட்டினார். தானியம் இல்லாமல் வெறும் மில்லை ஓடவிட்டாள். கல் கல்லோடு உரசித் தீப்பொறி பறந்தது, தெருக்காரர்கள் ஓடிவந்தார்கள், அவர் கட்டிலில் சத்தமே இல்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வைகாசியில் ஒரு தடவை ரோட்டு வண்டியில் வரும்போது அவருக்குத் தலை சுற்றி, ஆலடிவிளையில் இறங்கிவிட்டார்கள். கணக்கு வண்டி வந்ததிலிருந்து அந்த ஊரில் வெளியூர்க்காரர் யாரும் இறங்குவதில்லை. டீக்கடைக்காரி இரண்டு பேர் இறங்கியதைப் பார்த்து, சொந்தக்காரர்கள் வந்தது போல் எழுந்து ஓடிவந்து, நாற்காலி போட்டு, மோரைத் துணியில் வடிகட்டி ஸ்பூனால் கொடுத்தாள். மோர் இறங்கியது. பல வாரம் கழித்து ஒரு பொருள் வலிக்காமல் அவர் தொண்டைக்குள் இறங்கியது. அவர் விரலை நீட்டி இன்னும் ஒரு ஸ்பூன் கேட்டார். மழை பிடித்துக்கொண்டது. அடுத்த வண்டி வரும்வரை அந்தக் கூரையின்கீழ் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த நாட்களில்தான் சொர்ணத்தின் அம்மா காலமானார். காலையில் முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. இனிப் படுக்கைதான், வருடக்கணக்கில் இழுக்கும் என்று வைத்தியர் சொன்னார். சொர்ணம் சுவரில் எழுதி அடித்தாள். உச்சிப்பொழுதுக்குள் சொர்ணத்துக்குத் தலை நரைத்திருந்தது, தெரு பாடை கட்டிவிட்டது. பாட்டியம்மா ஒரு நாளும் படுக்கவில்லை, ஒரு புண் வரவில்லை, மகராசி கொடுத்துவைத்தவள் என்று ஊர் பேசியது. சேதி கேட்டபோது செல்வி மருத்துவமனையில் தவசிமுத்துவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொர்ணத்துக்கு அழுகைகூடச் சுருக்கமாக முடிந்துவிட்டது, எனக்கு மட்டும்தான் இந்த நீளம் என்று அப்போதும் அவளுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

ஆடி பிறந்த கொஞ்ச நாளில், விடிந்து பால்காரர் மணி அடித்துக்கொண்டு போன நேரத்தில், தவசிமுத்து செல்வியின் மணிக்கட்டைப் பிடித்தபடி அடங்கினார்.

அழுது, எடுத்து, ஊர் கூடிக் கலைந்து, வீடு கழுவி உட்கார்ந்தபோதுதான் செல்விக்கு அது புரிந்தது. அன்றைக்குச் சரி என்று தலையாட்டியிருந்தால், மதுரை டாக்டர் குழாயை வெளியே எடுத்த நாளுக்கு மறுநாள் இந்த நாள். நடுவில் டம்ளர் சண்டை இல்லை, தீப்பொறி இல்லை, மோர் இல்லை. அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம். உடனே, அந்த நாட்களை நான் அன்பால் காப்பாற்றவில்லை, பொறாமையால் காப்பாற்றினேன், அவர் வலியில் கேட்டபோதும் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன் என்கிற நினைப்பு வந்து அந்தச் சந்தோஷத்தின் மேல் உட்கார்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளவில்லை. இரண்டும் அப்படியே இருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிற்பாடு வந்த வெள்ளிக்கிழமை, மத்தியானத்தில், சொர்ணலதா வந்தாள். கூடத்துத் தரையில் செல்விக்கு எதிரே உட்கார்ந்தாள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“செல்வி,” என்றாள். “நடுவுல என்ன நடந்துச்சு?”

“எந்த நடுவுல?”

“தையிலேருந்து ஆடி வர.”

செல்வி சொல்லத் தொடங்கினாள். வேண்டுமென்றுதான் சொன்னாள். தலையணைச் சண்டையைச் சொன்னாள். மில் வெறும் கல்லாக ஓடியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எதிரே இருந்த முகத்தில் ஒன்று மெல்ல எழுவதைப் பார்த்தாள். உதடு இறுகுவது, கண் ஒரே இடத்தில் குத்தி நிற்பது, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்க முயல்வது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். ஆவணியிலிருந்து அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

“போதும்,” என்றாள் சொர்ணம். உடனே, “இல்ல, சொல்லு,” என்றாள்.

“உனக்கு என்னட்டி?”

“எங்கம்மா விழுந்தா. எங்கம்மாவத் தூக்கிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் எனக்கு இருக்கு. அவ எங்கிட்ட ஏதாவது கேட்டிருப்பாளா? தண்ணி கேட்டிருப்பாளா? எம்மேல கோவப்பட்டிருப்பாளா? ராப்பகலா நாந்தான பாத்திருப்பேன்? எனக்குத் தெரியலியே செல்வி. விழுந்த சத்தம் காதுல இருக்கு, சங்குச் சத்தம் காதுல இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்ல.”

அவளை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று செல்விக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது.

“அவரு ஒன்னக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. மாசியில. வலி தாங்காம. நான் ஜன்னல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். நீ ஊர்ல இல்லன்னு பொய் சொன்னேன்.”

“தெரியும்,” என்றாள் சொர்ணம். “பாத்தேன்.”

“பாத்தியா?”

“செருப்பில்லாம நின்ன. நீ எதுக்கு வந்திருப்பன்னும் தெரியும். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல.” அவள் தரையைப் பார்த்தாள். “ஒருத்தருக்காக வெயில்ல வெறுங்காலோட ஓடிவாரதுக்கு ஒனக்கு ஆளு இருக்குன்னு நெனச்சேன். காலேஜ்லயும் நீதான் மொத. இதுலயும் நீதான் மொத. எனக்கு இந்தக் கோடு போடுத கை மட்டுந்தான். வாசல்ல நின்னு நீயா கேக்கட்டும்னு இருந்துட்டேன்.”

செல்வி அவளைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது. அதோடு கூடவே வேறொன்றும் வந்தது, நெடுநாள் கழித்துத் தன் மொழியில் பேசக்கூடியவளைச் சந்தித்தது போல. அவர் பட்ட வலியில் பாதி என்னுடையது, பாதி இவளுடையது என்று நினைத்தாள். ஊரில் வேறு யாரிடமும் அதைப் பங்கு வைக்க முடியாது.

வாசலில் நிழல் விழுந்தது. பள்ளிக்கூடத்து ஆயா மூச்சு வாங்க நின்றாள்.

“சொர்ணா டீச்சர், கூட்டம் மரத்தத் தாண்டிப் போச்சு. தென்காசிலருந்தெல்லாம் வந்திருக்காவ. பெரிய டீச்சர் வையுதாவ.”

“காத்திருக்கட்டும்,” என்றாள் சொர்ணம் திரும்பிப் பார்க்காமல்.

“எம்புட்டு நேரம்னு சொல்ல?”

“எம்புட்டு நேரம் ஆகுதோ.”

ஆயா போனாள். சொர்ணம் நெருங்கி வந்து, முழங்கால் முழங்காலில் இடிக்க உட்கார்ந்தாள்.

“மொதல்லேருந்து சொல்லு. தாவாமச் சொல்லு.”

செல்வி முதலிலிருந்து சொன்னாள். கட்டியைப் பற்றிச் சொன்ன டாக்டரின் மேசையில் இருந்த பொம்மையைச் சொன்னாள், வெளியே வந்ததும் தவசிமுத்து பசிக்கிறது என்று சொல்லிப் பரோட்டா தின்றதைச் சொன்னாள், அதுதான் அவர் கடைசியாகத் தின்ற பரோட்டா என்று அப்போது தெரியாததைச் சொன்னாள். கதிர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த மற்ற பெண்களைச் சொன்னாள், அவர்கள் ஒருவருக்கொருவர் தலை வாரிவிட்டதைச் சொன்னாள். பொய் சொன்ன நாளை மறைக்காமல் சொன்னாள். டம்ளர் நசுங்கியதையும், டீக்கடைக்காரி மோர் வடிகட்டிய துணியின் நிறத்தையும், மழையையும், அதற்கடுத்த வாரம் அவருக்கு எழுந்து நிற்க முடியாமல் போனதையும், எலும்பாகிவிட்ட அவர் முதுகைத் துடைக்கும்போது வந்த வாசனையையும், பால்காரர் மணியையும் சொன்னாள். சில இடங்களில் சொர்ணத்தின் உதடு அசைந்தது, மனப்பாடம் செய்கிறவள் போல. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஆட்கள் பேசிக்கொண்டு கலைகிற சத்தம் கேட்டது. தெருவில் விளக்கு போட்டார்கள்.

சொல்லி முடித்ததும் சொர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெற்றி சுருங்கியது.

“ஆலடிவிளையில மழ பிடிச்சுது. அடுத்து நீங்க பஸ்ல ஏறிட்டீங்க,” என்றாள். “நடுவுல ஒண்ணு கொறையுதே செல்வி. அந்தக் கூரைக்குக் கீழ அம்புட்டு நேரம் இருந்தீங்களே, அப்ப அண்ணன் கையால என்ன சொன்னாரு?”

ஞானசெல்வி எழுந்து, அடுப்பைப் பற்றவைத்து, இரண்டு பேருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தாள்.

“அந்த நடு மட்டும் எனக்கு,” என்றாள்.